எந்தக் கோடு இரும்பு, எந்தக் கோடு பேச்சு

நான் பிறந்தது 1955. அப்போது திருத்தணி ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். இடையில் எங்கள் வீட்டுத் திண்ணைத் தூண் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கரின் மத்தியஸ்தம் எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று வரைபடத்தில் ஒரு கோடு இடம் மாறியது. கடைத்தெருவில் அன்றைக்கும் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசினார்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

கோடு என்றால் விளையாட்டில்லை என்று ஐந்து வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எங்கே தெரிந்தது? டிப்ளமா முடித்து, அரக்கோணம் வழியாக ரயிலில் போய், சென்னைப் பக்கம் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக உட்கார்ந்து, ஓர் ஆசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். வருஷா வருஷம் ஜூன், ஜூலையில் எங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்வார்கள். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "தாத்தா, பத்து விதமான கோடு இருக்கு, எப்படி மனப்பாடம் பண்றது?" பண்ணவே வேண்டாம் என்பேன். திண்ணையில் உட்காரவைத்து அவர்களுக்குச் சொல்வதைத்தான், ஞாபகம் வந்த வரிசையில், இங்கே எழுதியிருக்கிறேன்.

1. ஒவ்வொரு கோட்டையும் போடும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது இரும்பா, பேச்சா?

பொருளின் விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கே தட்டுப்படுமோ அந்தக் கோடு இரும்பு. அது தடித்த முழுக்கோடு, பெயர் புறக்கோடு. அளவு காட்டும் கோடு, அளவுக்காக வெளியே இழுக்கும் ப்ரொஜெக்ஷன் கோடு, குறிப்பு எழுதி அம்பு விடும் கோடு, வெட்டுமுகத்தில் போடும் சாய்ந்த கோடுகள், மையக்கோடு - இவற்றில் ஒன்றைக்கூட விரலால் தொட முடியாது. நீங்கள் லேத்காரரிடம் பேசும் பேச்சு அது. பேச்சு மெல்லிசாக இருக்க வேண்டும்.

ஐஎஸ் 10714 என்ற நம் இந்தியத் தரம் 1983-இல் வந்தது. அதன் பட்டியலில் ஏ முதல் கே வரை பத்து வகை. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதாலோ என்னவோ, 'ஐ' எழுத்தை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு உலகத் தரத்தை ஒட்டி 2001-இல் வந்த பாகத்தில் அடிப்படை வகைகள் பதினைந்து. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். மேலே சொன்ன கேள்வியைக் கேட்டால் பாதிக்கு மேல் தானாகவே வழிக்கு வந்துவிடும்.

2. தடிப்பு, மெல்லிசு என்றால் கண் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்பது கணக்கு. புறக்கோடு 0.5 மில்லிமீட்டர் என்றால் அளவுக்கோடு 0.25. புறக்கோடு 0.7 என்றால் மற்றது 0.35.

இப்போது ஆசாரி கதை. 1976, நான் வேலைக்குப் புதுசு. வார்ப்பில் செய்ய வேண்டிய ஒரு தாங்கி. முன்பக்கத் தோற்றத்தில் ஓர் அளவை வெளியே இழுக்க இடமில்லாமல், ப்ரொஜெக்ஷன் கோட்டைப் பொருளின் முகத்துக்குக் குறுக்கே ஓட்டினேன். அது தப்பில்லை. ஆனால் பென்சிலை மாற்றவில்லை. புறக்கோடு போட்ட அதே பென்சில், அதே அழுத்தம்.

டிராயிங் பேட்டர்ன் பிரிவுக்குப் போனது. மரத்தில் அச்சு செதுக்கும் ஆசாரி, பொருளின் முகத்தில் ஒரு தடித்த கோட்டைப் பார்த்தார். தடித்த கோடு என்றால் விளிம்பு. முகத்தின் நடுவில் விளிம்பு என்றால் அங்கே ஒரு படி இருக்கிறது. பக்கத் தோற்றத்தில் படி இல்லையே என்று பார்த்திருக்கிறார். 'பையன் அதில் போட மறந்திருப்பான்' என்று முடிவு கட்டி, தாமாகவே ஒரு படியைச் செதுக்கிவிட்டார். ஆறு வார்ப்பு ஊற்றிய பிறகுதான் தெரிந்தது.

ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். கூடவே ஆசாரியும். அவர் என் முகத்தையும் டிராயிங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, திருத்தணிக்காரன்னா எதுல பாத்தாலும் படி வைக்கணுமா? அங்க இருக்கற முன்னூத்தி அறுபத்தஞ்சு போதாதா?" எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு ஏற அத்தனை படி. பட்டறையே சிரித்தது. அடுத்த பத்து வருஷம் எனக்கு அங்கே 'படி' என்றுதான் பெயர்.

ஆசாரி கேட்டிருக்கலாம்தான். ஆனால் டிராயிங் கைக்கு வந்தபோது நான் பக்கத்தில் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தது என் கோடு மட்டும்.

3. ஆகவே இரண்டு பென்சில். ஒன்று 2 எச், மெல்லிய கோட்டுக்கு. ஒன்று எச், தடித்த கோட்டுக்கு. எழுத எச்பி. ஒரே பென்சிலை அழுத்தி ஒன்றும் அழுத்தாமல் ஒன்றும் போடுகிறேன் என்று கெட்டிக்காரத்தனம் காட்டாதீர்கள். பத்து மணிக்கு இருக்கும் கை பன்னிரண்டு மணிக்கு இருக்காது. 2 எச் முனையை ஊசியாகச் சீவுங்கள். எச் முனையை உப்புத்தாளில் இரண்டு பக்கமும் தேய்த்து உளி மாதிரி தட்டையாக்குங்கள். கோடு கடைசிவரை ஒரே தடிப்பில் வரும். கோடு போடும்போது பென்சிலை இழுங்கள், தள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் மெல்லிய கோட்டில் போட்டு முடியுங்கள். எது இரும்பு என்று தீர்மானமான பிறகு மட்டும் தடிப்பாக்குங்கள். வட்டங்களை முதலில் தடிப்பாக்கி, நேர்கோடுகளை அதோடு சேருங்கள். நேர்கோட்டை வட்டத்தோடு சேர்ப்பது எளிது. வட்டத்தைக் கோட்டோடு சேர்க்கப் போனால் காம்பஸ் சதி செய்யும்.

4. முதல் கோடு மையக்கோடாக இருக்கட்டும். கடைசியில் ஞாபகம் வந்து ஒட்டவைப்பதாக இருக்கக் கூடாது.

கோயில் வேலை செய்யும் ஸ்தபதிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைத் தொடும் முன் நடுவில் நூல் பிடித்துக் காவியில் கோடு அடிப்பார்கள். கண், மூக்கு, தோள், எல்லா அளவும் அந்த நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் போகும். சிலை முடிந்ததும் கோடு போய்விடும். ஆனால் சிலை நிற்பது அதன்மேல்தான். லேத்தில் சுற்றும் பொருளுக்கும் இதே கதை: கடைசல் முடிந்த தண்டில் மையக்கோட்டைத் தேடினால் கிடைக்காது, ஆனால் அதைச் சுற்றித்தான் தண்டே உருவானது.

நீளக் கோடு, இடைவெளி, புள்ளி, இடைவெளி, மறுபடி நீளக் கோடு. 0.25 பேனாவுக்கு நீளக் கோடு 6 மில்லிமீட்டர், இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். விளிம்போடு நிறுத்தாமல் கொஞ்சம் வெளியே விடுங்கள். இரண்டு மையக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீளக் கோடும் நீளக் கோடும்தான் வெட்ட வேண்டும். புள்ளியிலோ இடைவெளியிலோ வெட்டினால் மையம் எங்கே என்று டிரில் வைப்பவர் யூகிக்க வேண்டிவரும். சின்னஞ்சிறு துளைகளில் புள்ளி வைக்க இடமிருக்காது, அங்கே மெல்லிய முழுக்கோடே போதும். அளவு காட்ட மையக்கோட்டை வெளியே நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன்மேலேயே அம்பு வைத்து அளவுக்கோடாக ஆக்கக் கூடாது.

5. மறைகோட்டில்தான் பரீட்சையில் மார்க் போகிறது, பட்டறையில் காசு போகிறது.

அது இரும்புதான், ஆனால் முன்னால் இருக்கும் இரும்பு அதை மறைக்கிறது. திரைக்குப் பின்னால் நிற்கும் ஆள். 3 மில்லிமீட்டர் கோடு, முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி, மறுபடி 3. எல்லாம் ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்று எறும்பாகவும் ஒன்று பாம்பாகவும் போகக் கூடாது. தடித்ததும் போடலாம், மெல்லியதும் போடலாம் என்று தரம் இடம் தருகிறது, ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது.

தொடங்கும் இடம் முக்கியம். புறக்கோட்டிலிருந்து மறைகோடு கிளம்பினால், முதல் துண்டு புறக்கோட்டைத் தொட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மூலையில் இரண்டு மறைகோடுகள் சேர்ந்தால் துண்டும் துண்டும் தொட்டு மூலை தெரிய வேண்டும். ஆனால் ஒரு தடித்த விளிம்பு அதே நேர்கோட்டில் மறைகோடாகத் தொடர்ந்தால், அங்கே மட்டும் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் விளிம்பு எங்கே முடிந்து மறைவு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் நின்றுபோகும் துளையா, மறுபக்கம் வரை போகும் துளையா என்பது ஒரே ஒரு 3 மில்லிமீட்டர் துண்டில் மாறிவிடும்.

இன்னொன்று. மறைகோடு மேல் மறைகோடாக ஏழெட்டு விழுந்து மழை பெய்த மாதிரி ஆகிவிட்டால் அந்தத் தோற்றத்தை விட்டுவிடுங்கள். வெட்டிக் காட்டுங்கள்.

6. வெட்டுத் தோற்றத்துக்கு நான் சொல்வது அர்ச்சனைத் தேங்காய். மலையில் குருக்கள் ஒரே அடியில் இரண்டாக உடைத்துத் தட்டில் வைத்துத் தருவார் இல்லையா? அந்த மூடியை நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளியே ஓடு, உள்ளே பருப்பு, நடுவில் வெற்றிடம். ஓட்டுக்கு 45 டிகிரியில் ஒரு பக்கம் சாய்ந்த மெல்லிய கோடுகள். பருப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள், ஏனென்றால் அது வேறு பொருள். வெற்றிடத்தில் கோடு கிடையாது, கத்தி அங்கே எதையும் வெட்டவில்லை. ஒரே பொருள் படத்தில் எத்தனை இடத்தில் வந்தாலும் சாய்வும் இடைவெளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

எங்கே வெட்டினோம் என்று காட்டுவது மையக்கோடு மாதிரியே மெல்லிய புள்ளிக்கோடு. இரண்டு முனையிலும், திரும்பும் இடத்திலும் மட்டும் தடிப்பு. விரலில் தட்டுப்படாததைத் தடிப்பாகப் போடலாமா என்று சென்ற வருஷம் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பேச்சுதான், ஆனால் உரத்த பேச்சு. 'இந்தப் பகுதியை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்து' என்று சொல்ல விளிம்பை ஒட்டிப் போடும் தடித்த புள்ளிக்கோடும் இதே ஜாதி.

தண்டு, போல்ட், ரிவெட், சாவி, வலுவுக்கு நிற்கும் மெல்லிய விலா - இவற்றை நீளவாக்கில் வெட்டினாலும் உள்ளே சாய்கோடு போடாதீர்கள். போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகத் தெரியும்.

7. மரையை யாரும் பல் பல்லாக வரைவதில்லை. போல்ட்டுக்கு வெளி விட்டம் தடித்த கோடு, அடிப்பள்ளம் மெல்லிய கோடு. நட்டுக்கு அப்படியே தலைகீழ். இங்கும் விரல் கணக்குதான்: போல்ட்டைத் தடவினால் பல்லின் உச்சி தட்டுப்படும்; நட்டின் துளைக்குள் விரல் விட்டால் உள்விட்டம்தான் தட்டுப்படும். முனையிலிருந்து பார்க்கும் தோற்றத்தில் மெல்லிய வட்டத்தை முக்கால்வாசி மட்டும் போட வேண்டும். முழு வட்டம் போட்டால் அது வேறு ஏதோ விளிம்பு ஆகிவிடும்.

8. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓடும் வீடு ஒன்றுக்குப் போய் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கை இந்தப் பக்கம் ஒரு எல்லை, அந்தப் பக்கம் ஒரு எல்லை என்று ஆடிக்கொண்டே இருக்கும். படத்தில் அதை ஒரு நிலையில்தான் தடிப்பாக வரைய முடியும். மற்ற நிலைக்கு நீளக் கோடு, இரண்டு புள்ளி, நீளக் கோடு என்று மெல்லிசாக ஒரு நிழல் போடுங்கள். கை அதுவரை வரும், அங்கே வேறு எதையும் வைக்காதே என்று அதற்குப் பொருள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு உறுப்பைக் காட்டவும், தகட்டை வளைக்கும் முன் இருந்த வடிவத்தைக் காட்டவும் இதே கோடுதான்.

மையக்கோட்டுக்கு ஒரு புள்ளி, இதற்கு இரண்டு. அவசரத்தில் மாறிப் போகிறது.

9. மலைப்படி 365-ஐயும் ஒரு ஏ3 தாளில் வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கீழே நாலு, மேலே நாலு போட்டு நடுவில் முறித்துக் காட்டுவீர்கள். அந்த முறிவுக்கு மெல்லிய கைக்கோடு, நீளமாக இருந்தால் நடுவில் மின்னல் மாதிரி நெளிவு வைத்த நேர்கோடு. ஸ்கேல் இல்லாமல் கையால் போட அனுமதி உள்ள ஒரே கோடு இதுதான், அனுபவியுங்கள். ஆனால் முழு நீளத்தை எண்ணில் எழுத மறக்காதீர்கள்.

10. இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் சண்டை வேண்டாம், வரிசை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு முதலில். பிறகு மறைகோடு. பிறகு வெட்டுக்கோடு. பிறகு மையக்கோடு. ப்ரொஜெக்ஷன் கோடு கடைசி. தேர் வரும்போது சைக்கிள் ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.

11. ஸ்கேலை வைத்து டிராயிங்கில் அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கோட்டுக்கே ஓர் அகலம் உண்டு.

1:50,000 அளவில் ஒரு நிலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லைக்கோடு அரை மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால், தரையில் அது 25 மீட்டர். நம் பள்ளிப்பட்டுப் பக்கத்து எல்லையோரத்தில் 25 மீட்டருக்குள் ஒரு வீடு, மாட்டுத் தொழுவம், கிணறு எல்லாம் அடங்கிவிடும். அந்த வீட்டுக்காரர் எந்த மாநிலம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சர்வே எண்ணையும் பதிவேட்டையும்தான் பார்க்க வேண்டும். இயந்திரப் படத்திலும் கோடு வடிவத்தைச் சொல்லும். அளவைச் சொல்வது எண்.

நிலப்படத்திலும் எல்லைகளைக் கோடும் புள்ளியுமாகத்தான் போடுவார்கள். நம் மையக்கோட்டின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பார்த்து ஏமாறாதீர்கள், முதலில் இது எந்தத் தாள் என்று பாருங்கள்.

12. பேனா எண்களைக் கவனித்தீர்களா? 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1. ஏன் இந்த விசித்திரமான எண்கள் என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது. வெள்ளை வளையம் 0.25, மஞ்சள் 0.35, பழுப்பு 0.5, நீலம் 0.7 என்று பேனாவின் நிறத்தைப் பார்த்தே வேலை செய்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய 1.414 மடங்கு. ஏ2 தாளின் பக்கத்துக்கும் ஏ1 தாளின் பக்கத்துக்கும் அதே 1.414 விகிதம்தான். ஆக ஏ1-இல் 0.7 பேனாவில் போட்ட கோட்டை ஏ2-ஆகச் சுருக்கினால் 0.5 பேனாவில் போட்டது மாதிரி ஆகும். ஏ3-ஆகச் சுருக்கினால் 0.35. சுருக்கிய பிரதியிலேயே அடுத்த பேனாவை எடுத்துத் திருத்தம் போடலாம், ஒட்டுப்போட்டது தெரியாது. எந்த மகராசன் யோசித்தானோ!

இதன் மறுபக்கமும் உண்டு. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் உங்கள் ஏ1 தாளை ஏ3-ஆக்கினால் எல்லாம் பாதி. பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு இணைகோடுகள் ஒன்றாகிவிடும். அதற்காகத்தான் இணைகோடுகளுக்கு நடுவே குறைந்தது 0.7 மில்லிமீட்டர் விடச் சொல்கிறார்கள்.

13. கம்ப்யூட்டர் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: ஆட்டோகேடில் ஒவ்வொரு வகைக் கோட்டுக்கும் ஒரு லேயர் வைத்து, நிறமும் தடிப்பும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனால் 'எல்டிஸ்கேல்' என்ற ஒரு எண்ணைத் தப்பாக வைத்தால், திரையில் அழகாக இருந்த மறைகோடு பிரிண்டில் முழுக்கோடாக வரும். துண்டுகள் அவ்வளவு சிறியதாகி ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு துண்டே மொத்தக் கோட்டையும்விட நீளமாகிவிடும். உள்ளே மறைந்திருக்கும் துளை வெளியே தெரியும் விளிம்பாகிவிடும். ஆறு வார்ப்பு மறுபடி வீண். திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தாளை எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். லேத்காரர் எண்ணெய்க் கையோடு அந்தத் தூரத்தில் வைத்துத்தான் படிப்பார்.

14. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் வாருங்கள். கிருத்திகையாக இருந்தால் வேண்டாம். தெருவில் கூட்டம் இருக்கும், நானும் வீட்டில் இருக்க மாட்டேன். ஏ3 தாள் இரண்டு, 2 எச் ஒன்று, எச் ஒன்று, உப்புத்தாள் ஒரு துண்டு. பொதட்டூர்பேட்டைத் தறி ஒன்றிலிருந்து தேய்ந்துபோன புஷ் ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. ஒரு பக்கம் விளிம்பு உடைந்திருக்கிறது. உள்ளே எண்ணெய் போக ஒரு சின்னத் துளை, அது எதுவரை போகிறது என்று குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அது கடைசலுக்குப் போக வேண்டும். வரையப் போவது நீங்கள். வந்ததும் முதலில் மையக்கோட்டைப் போடுங்கள், அதற்குள் நான் காபி போட்டுக்கொண்டு வருகிறேன்.